மன்றமும் அணியும்: மலையகத்து இரசிகர் குழுக்களின் சமூக வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

கலைப் படைப்புகளின் வரலாறும் கலைஞரின் வரலாறும் எழுதப்பட்ட அளவுக்கு அவற்றை நுகர்ந்தோரின் வரலாறு நம்மிடையே எழுதப்படவில்லை. குறிப்பாக, வெகுசனக் கலைகளின் இரசிகரைப் பற்றி எழுத நேர்ந்தபோதெல்லாம் இருவகை நோக்குகளே மேலோங்கி நின்றன. பண்டித மரபினர் இரசிகரைச் சுவையறியாதோர் என ஒதுக்கினர். முற்போக்காளர் பலர் அவரைப் பொய்யுணர்வில் ஆழ்ந்தோர் என விளக்கி அமைதி கண்டனர். இரு சாராரும் இரசிகரை வேறுபாடற்ற ஒரு திரளாகவே கண்டனர். ஆனால் இரசிகர் கூட்டம் ஒருபோதும் ஒரு திரளாக நின்றதில்லை. தோன்றிய காலத்திலிருந்தே அது அணிகளாகப் பிரிந்தது. அணிகளுக்குள் உட்பிரிவுகளும் தோன்றின. ஏன் பிரிந்தது, எந்தக் கோடுகளின் வழியே பிரிந்தது என்ற வினாக்களை மத்திய மலைநாட்டுப் பெருந்தோட்டச் சமூகத்தை மையமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எம்.ஜி.ஆர்., சிவாஜி மன்றங்களிலிருந்து இன்றைய தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சிகளின் இரசிகர் அணிகள் வரை நீளும் வரலாறு இது.

காட்சிக் கலையைச் சூழ்ந்து கட்சிகள் தோன்றுவது புதுமையன்று. கொன்ஸ்தாந்திநோப்பிளின் தேரோட்டப் போட்டிகளில் நீல அணியும் பச்சை அணியும் பகைத்து நின்றன. கி.பி. 532இல் அவையிரண்டும் இணைந்தபோது யுஸ்தீனியன் பேரரசனின் அரியணையே ஆட்டங் கண்டது. தமிழ் மரபிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. தஞ்சைப் பகுதியில் மாசி மாதத்துக் காமன் பண்டிகையையொட்டிப் பாடப்பட்ட லாவணியில், சிவனின் நெற்றிக்கண்ணால் காமன் எரிந்தான் என்போர் ஒரு கட்சி. எரியவில்லை என்போர் மறு கட்சி. இரவு முழுதும் தொடர்ந்த அவ்வாதத்தில் பாடுவோருக்குப் பின்னே கேட்போரும் கட்சி கட்டி நின்றனர். காமன் கூத்தைத் தம்முடன் மலைநாட்டுக்குக் கொண்டுவந்த மக்கள், கலையை முன்னிறுத்திக் கட்சி பிரியும் பழக்கத்தை முன்பே அறிந்தவர்கள் என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

எனினும் மரபு மட்டும் எதையும் விளக்கிவிடாது. தோட்டத்தின் சமூக அமைப்பை நோக்குவோம். லயம், பெரட்டுக்களம், கொழுந்து மடுவம், கோயில் என்பவற்றுக்குள் அடங்கிய வாழ்க்கை அது. துரையும் கங்காணியும் அறியாது தொழிலாளர் கூடுவதற்கு இடமே இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கி, வாக்குரிமையையும் பறித்தன. எஞ்சி நின்ற ஒரே வெகுசன அமைப்புத் தொழிற்சங்கமாகும். 1939இல் தோன்றிய இலங்கை இந்தியக் காங்கிரஸின் வழிவந்த இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸிலிருந்து 1956இல் அஸீஸ் பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை நிறுவினார். 1965இல் வெள்ளையனின் தொழிலாளர் தேசிய சங்கம் உருவாயிற்று. இடதுசாரிகளின் செங்கொடிச் சங்கங்களும் இயங்கின. ஆயினும், காலப்போக்கில் சங்கச் சந்தாவைத் தோட்ட நிர்வாகமே சம்பளத்திலிருந்து கழித்துச் சங்கத்துக்கு அனுப்பும் முறை நிலைபெற்றது. உறுப்பினருக்கும் அமைப்புக்கும் இடையில் நேர்ந்த இவ்விடைவெளி நமது ஆய்வுப் பொருளுக்கு இன்றியமையாதது.

இப்பின்னணியிலேயே 1950களிலும் 1960களிலும் ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா முதலிய நகரங்களின் படமாளிகைகளைச் சூழ்ந்து இரசிகர் மன்றங்கள் முளைத்தன. சிகை அலங்கார நிலையங்களும் தையற்கடைகளும் தேநீர்க்கடைகளும் அவற்றின் கூடுமிடங்களாயின. மன்றத்துக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் உண்டு; கூட்டக் குறிப்பும் கணக்கும் உண்டு. மன்றத்துக்கான காசை உறுப்பினர் தம் கையாலேயே கொடுத்தார். தம்மாற் தெரிவு செய்யப்பட்டோர் தமக்குக் கணக்குக் காட்டும் அனுபவத்தைத் தோட்டத்து இளைஞர் பலர் முதன்முதலிற் பெற்றது இங்கேதான் எனலாம். நாட்டின் தேர்தலில் இடம் மறுக்கப்பட்டவர்கள் மன்றத்தின் தேர்தலிற் பங்குகொண்டனர்.

எம்.ஜி.ஆர். 1917இற் கண்டிப் பகுதியிற் பிறந்தவர் என்ற செய்தி மலைநாட்டில் அவருக்குத் தனிப்பட்டதோர் உரிமையை ஈட்டிக் கொடுத்தது. 1965இல் சரோஜாதேவியுடன் அவர் இலங்கை வந்தமை அவ்வுரிமையுணர்வை மேலும் வலுப்படுத்தியது. மறுபுறம் சிவாஜி இரசிகர் நடிப்பாற்றலை அளவுகோலாக முன்வைத்தனர். ஒருவர் தம் தலைவரின் கொடையையும் வீரத்தையும் பேச, மற்றவர் தம் கலைஞரின் பாத்திரப் பொருத்தத்தைப் பேசினார். அறமா கலையா என்ற இவ்வாதம் நமது இலக்கிய விமர்சன உலகம் அதே காலத்தில் நிகழ்த்திய வாதத்திலிருந்து சாரத்தில் வேறுபட்டதன்று. ஒரே சங்கத்திற்குச் சந்தா செலுத்தியோர் இரு மன்றங்களிலும் இருந்தனர். ஒரே மன்றத்தில் இருந்தோர் வெவ்வேறு சங்கங்களைச் சார்ந்தனர். மன்றப் பிரிவு சங்கப் பிரிவை அப்படியே பிரதிபலிக்காமல் அதனைக் குறுக்கே வெட்டிச் சென்றது என்பது கவனத்திற்குரியது.

உட்பிரிவுகள் தோன்றிய முறை இதனினும் நுட்பமானது. எம்.ஜி.ஆர். இரசிகருள் ஒரு சாரார் அவரைத் திராவிட இயக்கத்தின் வழியே கண்டடைந்தவர்கள். இளஞ்செழியன் முதலியோரால் வளர்க்கப்பட்டு, நாடற்றோரின் உரிமைக்காகக் குரல்கொடுத்த இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் 1962இல் அரசினால் தடைசெய்யப்பட்டது. கட்சி தடைசெய்யப்படலாம், நடிகரின் படத்தைச் சுவரில் ஒட்டுவதைத் தடுப்பது அத்துணை எளிதன்று. மற்றொரு சாரார் கட்சிச் சார்பு எதுவுமின்றித் திரையிற் கண்ட ஏழைப் பங்காளனையே போற்றியவர்கள். 1972 ஒக்ரோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து விலக்கப்பட்டுப் புதுக்கட்சி தொடங்கியபோது இந்த உள்முரண் வெளிப்பட்டது. கொள்கைவழி வந்தோர் கழகமா நடிகரா எனத் தெரிவுசெய்ய வேண்டியவராயினர். நடிகர்வழி வந்தோருக்கு அத்தகைய நெருக்கடி இருக்கவில்லை. ஒரே பெயரைச் சொன்ன இரு குழுக்கள் உண்மையில் இருவேறு பொருள்களை நேசித்தன என்பதைப் பிளவே காட்டிற்று.

இதற்கிடையே மன்றத்தின் அடித்தளமே குலையலாயிற்று. 1964 ஒக்ரோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியா ஏற்பதென விதித்தது. நீலகிரிக்கும் தமிழகத்தின் பிற பகுதிகளுக்கும் குடும்பங்கள் பெயர்ந்தபோது மன்றங்களும் உறுப்பினரை இழந்தன. 1971ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் உருவான அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியைத் தன் ஏகபோகமாக்கியதும் தென்னிந்தியப் படங்களின் வரவு கட்டுப்படுத்தப்பட்டது. தேசியத் திரைக்கலையின் வளர்ச்சிக்கு அக்கட்டுப்பாட்டின் தேவையை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் படமாளிகையை மையமாகக் கொண்ட கூடுகைகளை அது தளரச் செய்தது. அவ்விடைவெளியை வானொலி நிரப்பிற்று. நேயர் விருப்ப நிகழ்ச்சிகளில் பாடலுக்கு முன் நேயரின் பெயரும் ஊரும் வாசிக்கப்பட்டன. வாக்காளர் இடாப்பில் இடம்பெறாத ஒருவரின் பெயர் அவருடைய தோட்டத்தின் பெயருடன் நாடு முழுவதும் ஒலித்தது. அஞ்சலட்டையில் பல பெயர்களை வரிசையாக எழுதி அனுப்பும் வழக்கம் மன்றத்தின் புதிய வடிவமாயிற்று.

தொலைக்காட்சி இவ்வரலாற்றின் அடுத்த கட்டமாகும். 1982 பெப்ரவரியில் ரூபவாகினி ஒளிபரப்பைத் தொடங்கியபோதும், லயங்களை மின்சாரம் பரவலாக எட்டுவதற்குக் காலம் பிடித்தது. பின்னாளில் இந்திய அலைவரிசைகளை வாங்கும் வட்ட அலைவாங்கிகள் லயத்துத் தகரக் கூரைகளில் ஏறின. இம்மாற்றத்தின் முதன்மையான விளைவு பால் சார்ந்தது. மன்றம் பெரும்பாலும் ஆண்களின் அமைப்பாக இருந்தது. காலையில் மலைக்கும் மாலையில் அடுப்படிக்கும் செல்லும் கொழுந்துக்காரிக்கு நகரத்துக் கூட்டத்துக்குச் செல்ல நேரமும் இல்லை, அனுமதியும் இல்லை. தொலைக்காட்சியோ அவள் இருக்குமிடத்துக்கே வந்தது. நிகழ்ச்சியைப் பற்றிய வாதம் மறுநாள் மலையில் கொழுந்தெடுக்கும் நிரைகளுக்கிடையே தொடர்ந்தது. இரசிகர் அணி என்பது பெண்களும் நேரடியாகப் பங்குகொள்ளும் ஒன்றாக மாறியது இதன் பின்னரேயாகும்.

2017 யூனில் விஜய் தொலைக்காட்சி தொடங்கிய பிக் பாஸ் நிகழ்ச்சி இப்போக்கை முழுமைப்படுத்தியது. கமல்ஹாசன் தொகுத்தளித்த அம்முதற் பருவத்தில் ஓவியாவை ஆதரித்தோர் தம்மை ‘ஓவியா ஆர்மி’ என அழைத்துக்கொண்டனர். மன்றம் என்ற சபைச் சொல்லின் இடத்தைப் படையைக் குறிக்கும் சொல் பெற்றது. 2019இன் மூன்றாம் பருவத்தில் இலங்கையிலிருந்து செய்தி வாசிப்பாளர் லாஸ்லியாவும் தர்ஷனும் பங்குபற்றியபோது அணிகள் மேலும் கிளைத்தன. லாஸ்லியாவைத் தனியே ஆதரித்தோர், கவினையும் அவரையும் இணையராகக் கண்டு இரு பெயர்களையும் ஒட்டி ‘கவிலியா’ எனப் பெயர் சூட்டிக்கொண்டோர், அவ்விணைப்பையே எதிர்த்தோர், நாட்டுப் பற்றின் பெயரால் இலங்கையர் இருவரையும் சேர்த்து ஆதரித்தோர் என ஒரே நிகழ்ச்சியின் இரசிகரிடையே பல குழுக்கள் நின்றன. இவற்றுக்கு முகவரியும் இல்லை, சந்தாவும் இல்லை. நூறு நாட்களுக்குச் சற்றே கூடிய ஒரு பருவத்துடன் பிறந்து அத்துடனேயே பெரும்பாலும் மறைந்தன. பார்வையாளரின் வாக்கே வெளியேறுவோரைத் தீர்மானிக்கும் என்று சொல்லப்பட்டது. அவ்வாக்கை எண்ணும் அதிகாரமோ நிறுவனத்தின் கையில் இருந்தது. மன்றத்தின் கணக்கேட்டை உறுப்பினர் புரட்டிப் பார்க்கலாம். அணியின் வாக்குப் பெட்டியைத் திறந்து பார்க்க எவராலும் இயலாது.

2023இல் ஸீ தமிழ் தொலைக்காட்சியின் சிறுவர் இசைப்போட்டியான ‘சரிகமப’ நிகழ்ச்சியில் இவ்வரலாறு கூர்மை பெற்றது. புசல்லாவையின் நயாப்பனைத் தோட்டத்திலிருந்து அசானியும் யாழ்ப்பாணத்திலிருந்து கில்மிஷாவும் பங்குபற்றினர். டிசெம்பரில் கில்மிஷா வெற்றி பெற்றார். இரு சிறுமியரின் திறனை ஒப்பிடுவது நமது வேலையன்று. இருவரையும் இலங்கைத் தமிழரின் பிள்ளைகள் என ஒருங்கே கண்டோர் இருந்தனர். மலையகத்தின் குரல் என அசானியைத் தனித்துக் கொண்டாடியோரும் இருந்தனர். இப்பிந்திய பிரிவைப் பிரதேசவாதம் எனக் கண்டிப்பது எளிது. ஆனால் ‘தோட்டக்காட்டான்’ என்ற வசைச்சொல் இம்மக்கள்மீது எத்தனை தலைமுறைகளாக வீசப்பட்டது என்பதையும், அதனை வீசியோரிற் தமிழ் பேசுவோரும் இருந்தனர் என்பதையும் நாம் மறக்கலாகாது. தோட்டத்தின் பெயர் மேடையில் இழிவின்றி ஒலிக்க வேண்டும் என்ற வேட்கையே அவ்வாதரவின் உட்கிடை. அதே ஆண்டில் மலையக மக்கள் தம் வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்தனர். யூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் மேற்கொள்ளப்பட்டது. முன்னோர் நடந்த வழியை மீள நடந்த அச்செயலும் ஒரு சிறுமியின் பாட்டுக்காகத் திரண்ட ஆதரவும் ஒரே சமூக உணர்வின் இருவேறு வெளிப்பாடுகளாகும்.

இவ்வுணர்வைப் போற்றுவதுடன் நமது ஆய்வு முடிந்துவிடலாகாது. ஒளிபரப்பு நிறுவனங்கள் உண்மையில் விற்பது நிகழ்ச்சியையன்று, பார்வையாளரையே விளம்பரதாரருக்கு விற்கின்றன என்று கனேடிய அரசியற் பொருளியலாளர் டலஸ் ஸ்மைத் 1977இல் வாதிட்டார். அணிகளாகப் பிரிந்து போட்டியிடும் பார்வையாளர் இன்னும் விலையுயர்ந்த பண்டமாகின்றனர். மன்றங்களின் காலத்தில் பிளவு இரசிகரால் உண்டாயிற்று. இன்று பிளவைத் தூண்டுவதே நிகழ்ச்சி அமைப்பின் உத்தியாயிற்று. எம்.ஜி.ஆரின் பிம்பம் அடித்தள மக்களின் நலனுக்கு எதிராகவே செயற்பட்டது என்பதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளியான தம் ஆங்கில நூலில் நிறுவினார். அம்முடிவை நாம் ஏற்கலாம். ஆனால் பிம்பத்தின் வரலாறும் அதனைச் சூழ்ந்து கூடியோரின் வரலாறும் ஒன்றல்ல. பிம்பம் பொய்யாக இருந்தபோதும் கூட்டக் குறிப்பு எழுதிய கை மெய்யானது. அஞ்சலட்டையில் தோட்டத்தின் பெயரை எழுதிய கையும் அவ்வாறே.

மலையகத்தின் முற்போக்கு இயக்கம் இதிலிருந்து கற்கவேண்டியது ஒன்றுண்டு. நாட்சம்பளமாக 1,000 ரூபா கோரிப் பல ஆண்டுகள் நீண்ட போராட்டத்தின் பின்னரே, 2021 மார்ச்சில் சம்பளச் சபையின் மூலம் அத்தொகை நிர்ணயிக்கப்பட்டது. அப்போராட்டத்தின் பேச்சுவார்த்தைகளில் தொழிலாளியின் பங்கு எத்துணைச் சிறிதாக இருந்தது என்பதை அனைவரும் அறிவர். தாமே கூடி, தாமே பேசி, தாமே பிரிந்து, மீண்டும் கூடும் வாய்ப்பு மக்களுக்கு வேண்டியிருக்கிறது. அதனைச் சங்கம் வழங்காதபோது மன்றம் வழங்கிற்று. மன்றம் மறைந்தபோது நிறுவனத்தின் அணி வழங்குவதாகப் பாவனை செய்கிறது. இரசிகரை எள்ளுவதால் அவ்வெற்றிடம் நிரம்பாது. கையாற் சந்தா கொடுத்துக் கணக்குக் கேட்கும் உறுப்பினர்களைக் கொண்ட அமைப்புகளை மீளவும் கட்டியெழுப்புவதன் மூலமே அது நிரம்பும்.