பிடிப்பும் விளிம்பும்

பிரெஞ்சு மொழியில் மில்லிங் மிஷினுக்கு 'ஃப்ரேஸ்யூஸ்' என்று பெயர். அதில் சுழலும் பல் வைத்த கட்டருக்கு 'ஃப்ரேஸ்'. பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு ஃப்ரேஸ் என்றதும் நினைவுக்கு வருவது ஸ்ட்ராபெர்ரி பழம்தான். அந்தக் காலத்துப் பிரபுக்கள் கழுத்தில் அணிந்த மடிப்புக் காலருக்கும் அதே பெயர் உண்டு. இரும்பைச் சீவும் இந்தக் கருவிக்கும் நம் பட்டு ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நெருங்கிய சம்பந்தமே இருக்கிறது.

நமக்குத் தெரிந்த மிகப் பழைய மில்லிங் கட்டரைச் செய்தவர் ழாக் தெ வோகன்சோன் என்று சொல்வார்கள். 1709ல் கிரெனோபிள் நகரில் பிறந்து 1782ல் காலமானவர். தானியம் கொத்தும் இயந்திர வாத்து ஒன்றைச் செய்து 1739ல் பாரிஸ் மக்களை வாய் பிளக்க வைத்தவர். 1741ல் பிரெஞ்சு அரசு அவரைப் பட்டுத் தொழிலின் மேற்பார்வைக்கு நியமித்தது. அவர் கொண்டுவந்த சீர்திருத்தங்களை லியோன் நெசவாளர்கள் ஏற்கவில்லை. 1744ல் கலகம் மூண்டு, அவர் ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. மறு வருடமே தானாக இயங்கும் தறி ஒன்றை உருவாக்கினார். அது புழக்கத்துக்கு வரவில்லை. பல ஆண்டுகள் கழித்துப் பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருந்த அந்தத் தறியை ஆராய்ந்த ழக்கார் என்பவர், 1804 வாக்கில் தமது பொறியை அமைத்தார். நாம் 'ஜக்கார்டு' என்று சொல்வது அவர் பெயரைத்தான். அடை கட்டி நெய்துவந்த காஞ்சிபுரத் தறிகளின் தலைமேல் பின்னாளில் ஏறி உட்கார்ந்ததும் அதுவே.

வோகன்சோன் செய்த இரும்பு லேத்து இன்றும் பாரிஸில் இருக்கிறது. பெரும்பாலோர் உளியைக் கையில் பிடித்துக் கடைந்த காலத்தில், அவர் உளியை இரும்புத் தடத்தின் மேல் நகரும் தாங்கியில் பூட்டினார். துல்லியம் கைத்திறனில் மட்டும் இல்லை, பிடிப்பிலும் இருக்கிறது என்பதை அந்த லேத்து காட்டிவிட்டது. 1862ல் அமெரிக்காவின் பிரௌன் அண்ட் ஷார்ப் நிறுவனம் 'யுனிவர்சல்' மில்லிங் மிஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1953ல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி.யும் பிறகு மில்லிங் மிஷின்கள் செய்தது. மிஷின்கள் எவ்வளவோ மாறினாலும் வேலைத் துண்டு அசையக் கூடாது என்ற விதி மாறவில்லை.

நெசவாளருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நெய்த துணி அகலம் சுருங்காதிருக்க, இரு முனையிலும் ஊசி வைத்த குச்சியை மாட்டி இழுத்து நிறுத்துவார்கள். அந்தக் குச்சிக்கு ஆங்கிலத்தில் 'டெம்பிள்' என்றே பெயர். கோயில் ஊருக்கு ஏற்ற பெயர்தான்! கோர்வைப் புடவையில் உடலும் கரையும் சேரும் இடம் கொஞ்சம் பிசகினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பிடிப்பு, விளிம்பு என்ற இந்த இரண்டும்தான் மில்லிங் மிஷினுக்கும் உயிர். பிடிப்புக்கு வைஸ், விளிம்புக்கு எட்ஜ் ஃபைண்டர்.

பணி ஓய்வு பெற்ற ஃபிட்டர் நண்பர் ஒருவர் வீட்டில் சிறிய மில்லிங் மிஷின் வைத்திருக்கிறார். பணம் எல்லாம் மிஷினுக்கே போய்விட்டதால், கையிலிருந்த டிரில் வைஸே போதும் என்றார். முதல் வாரமே இரும்புத் துண்டு நழுவிக் கட்டர் முறிந்தது. தெறித்த சில்லு அவர் மூக்குக் கண்ணாடியில் கீறலோடு நின்றது. கண்ணாடி இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. துளை போடும்போது விசை கீழ்நோக்கிப் போகும். மில்லிங்கில் அது பக்கவாட்டில் தள்ளும், சில சமயம் மேலேயும் இழுக்கும். டிரில் வைஸ் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

மில்லிங் வைஸ் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அசையாத தாடையை. அளவுகளுக்கு ஆதாரம் அதுதான். டயல் கேஜை வைத்து அந்தத் தாடை நெடுக ஓட்டி, முள் அசையாதவரை வைஸைத் திருப்பி நேராக்கிய பிறகே போல்ட்டை இறுக்க வேண்டும். அடுத்தது நகரும் தாடை. மட்டமான வைஸில் இறுக்கும்போது அது மேலே தூக்கும், துண்டும் கூடவே எழும்பும். இறுக்க இறுக்கத் தாடையைக் கீழ்நோக்கியும் இழுக்கிற அமைப்பு உள்ளதை வாங்குங்கள். சிறிய மிஷினுக்கு 75 அல்லது 100 மில்லிமீட்டர் தாடை போதும். சுழலும் அடித்தட்டு பார்க்க அழகு. ஆனால் உயரத்தைத் தின்னும், உறுதியையும் குறைக்கும்.

எட்ஜ் ஃபைண்டர் என்பது நடுவில் ஸ்பிரிங் வைத்து இணைத்த இரு துண்டு உருளை. மிஷினில் மாட்டி மிதமான வேகத்தில் சுழலவிட்டால் நுனி தள்ளாடும். வேலைத் துண்டை மெல்ல நெருக்கும்போது ஆட்டம் அடங்கி நேராகச் சுழலும். அதற்கு மேல் துளி நகர்த்தினால் சட்டென்று பக்கத்தில் விலகும். அந்த நொடியில் மிஷினின் மையம், விளிம்பிலிருந்து நுனியின் பாதி விட்டம் தள்ளி இருக்கிறது என்று பொருள். நுனி 4 மில்லிமீட்டர் என்றால் கணக்கு 2. விளக்கு எரியும் மின்சார வகையும் கிடைக்கிறது. அது மின்சாரம் கடத்தும் உலோகத்தில்தான் வேலை செய்யும். எதுவானாலும் ஒரே திசையிலிருந்து நெருங்குங்கள். இல்லாவிட்டால் ஸ்க்ரூவில் உள்ள தளர்ச்சி அளவைக் கெடுத்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. 1957ல் நயா பைசா வந்தது, 1958 அக்டோபரில் மெட்ரிக் அளவு வரத் தொடங்கியது. ஆனாலும் பட்டறைகளில் 'நூல்', அதாவது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, இன்னும் போகவில்லை. கடையில் கிடைக்கும் எட்ஜ் ஃபைண்டர்களில் சிலவற்றின் நுனி 0.200 இஞ்சு, அதாவது 5.08 மில்லிமீட்டர். அதை 5 என்று நினைத்துக் கணக்குப் போட்டால் ஒவ்வொரு துளையும் 0.04 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். உங்கள் மிஷினின் டயல் எந்த அளவோ, அந்த அளவிலேயே வாங்குங்கள்.

இப்போது 1998ல் ஹூண்டாய் வந்த இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கம்ப்யூட்டர் மிஷின்கள் ஓடுகின்றன. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். விளிம்பை அங்கே மிஷினே தொட்டுக் கண்டுபிடிக்கும். வைஸில் துண்டைச் சரியாக உட்கார வைப்பது மட்டும் பல இடங்களில் இன்னும் மனிதக் கைதான். அந்தக் கைப்பழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல. பிள்ளைகள் அதைச் சின்ன வேலை என்று நினைத்துவிடாமல் இருக்க வேண்டும்.