முதல் மூச்சும் தொப்புள்கொடியும்

குதிரையைப் பற்றி எழுதப் புகுவோர் அதன் ஓட்டத்தை வியப்பர். அது பங்குகொண்ட போர்களை விவரிப்பர். ஆனால் அது மண்ணில் விழுந்து முதல் மூச்சை இழுக்கும் கணத்தைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. அந்தச் சில நிமிடங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனைச் சற்றே புரட்டிப் பார்ப்போமா?

இங்கிலாந்தின் நியூமார்க்கெட், பதினேழாம் நூற்றாண்டில் இரண்டாம் சார்லஸ் மன்னரின் காலந்தொட்டே பந்தயக் குதிரைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். பொதுவாகக் குதிரைக்குட்டி பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் எழுந்து நிற்கும். இரண்டு மணி நேரத்திற்குள் தாயின் மடியைத் தேடிப் பால் குடிக்கும். ஆயின், நலமாகப் பிறந்த குட்டிகளுள் சில, சிறிது நேரத்தில் தாயையே மறந்துவிடும். இலக்கின்றி அலையும், சுவரில் முட்டும், வலிப்பு காணும். மூச்சுத் திணறலில் அவை எழுப்பும் ஒலி நாய் குரைப்பதைப் போலவே இருக்கும்! 'குரைப்பவை', 'அலைபவை' என்று பொருள்படும் பெயர்களாலேயே அக்குட்டிகள் அழைக்கப்பட்டன.

மஹாஃபி, பீட்டர் ராஸ்டேல் என்ற இரு கால்நடை மருத்துவர்கள் 1957-இல் இந்நோயை விரிவாகப் பதிவு செய்தனர். அடுத்த ஆண்டில் அவர்களுடைய பார்வை தொப்புள்கொடியின்மீது விழுந்தது. இயல்பான ஈற்றில் தாய்க்குதிரை சற்று நேரம் படுத்தே கிடக்கும். பின்னர் அது எழும்போதோ குட்டி துள்ளும்போதோ கொடி தானே அறும். லாயங்களிலோ, உதவும் ஆர்வத்தில் மனிதர்கள் உடனடியாகக் கொடியை அறுத்துவந்தனர். நஞ்சுக்கொடியில் தங்கியுள்ள குருதியில் ஒரு லிட்டருக்கும் மேலாகக் குட்டி இழக்கக்கூடும் என்றும், மூச்சுக்கோளாறுக்கு அதுவே காரணமாகலாம் என்றும் அவ்விருவரும் கருதினர். 1959-இல் ஒரு படி மேலே சென்று, மனித மருத்துவர்கள் படிக்கும் 'லான்செட்' இதழிலேயே, பச்சிளங்குழந்தைகளின் நுரையீரல் நோயோடு இதனை ஒப்பிட்டு எழுதினர்.

அதே 1959-இல் அமெரிக்காவில் மேரி எலன் ஏவரி, ஜியர் மீட் என்ற இருவர் அக்குழந்தை நோயின் மூலத்தைக் கண்டறிந்தனர். நுரையீரலின் நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஒரு பொருள், குறைமாதக் குழந்தைகளிடம் போதுமான அளவில் இல்லை என்பதே அது. குரைக்கும் குட்டிகளோ பெரும்பாலும் நிறைமாதத்தில் பிறந்தவை! வெளித்தோற்றம் ஒன்றாயினும் நோய்கள் வேறு. குருதியிழப்புக் கருத்தையும் பிற்கால அளவீடுகள் உறுதிசெய்யவில்லை. ஈற்றின்போது மூளைக்கு ஆக்சிஜன் குறைவதே காரணம் என்ற விளக்கம் பின்னர் வலுப்பெற்றது. அண்மைக் காலத்தில் கலிபோர்னியாவின் ஜான் மேடிகன், கருவறையில் குட்டியை உறக்கத்தில் ஆழ்த்தும் இயக்குநீர்கள் பிறந்தபின்னும் குறையாமையே சில குட்டிகளின் மயக்கத்திற்குக் காரணம் என்றார். மார்பைச் சுற்றிக் கயிற்றால் இருபது நிமிடம் இதமாக அழுத்தி, பிறப்புவழியின் நெருக்கத்தை மீண்டும் உணர்த்தும் முறையையும் அவர் புகுத்தினார். மூச்சுத் திணறலோ விலா எலும்பு முறிவோ உள்ள குட்டிகளுக்கு இம்முறை ஆகாது.

அப்படியானால் நியூமார்க்கெட் மருத்துவர்களின் உழைப்பு வீணா? அல்ல என்பதே நம் எண்ணம். கொடியை அவசரப்பட்டு அறுக்கலாகாது என்று எராஸ்மஸ் டார்வின் 1801-இலேயே மனிதக் குழந்தைகளுக்காக எச்சரித்திருந்தார். (பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வினின் பாட்டனார்தான் இவர்.) எனினும் இருபதாம் நூற்றாண்டு மருத்துவமனைகளில் உடனே கொடியை இறுக்கி அறுப்பதே வழக்கமாயிற்று. 2014-இல் உலக சுகாதார நிறுவனம், குறைந்தது ஒரு நிமிடமாவது காத்திருக்குமாறு பரிந்துரைத்தது. அந்தச் சிறு காத்திருப்பில் குழந்தைக்குச் சேரும் குருதி, பின்னாளில் இரும்புச்சத்துக் குறைவினின்று அதனைக் காக்கிறது.

குதிரைக்குட்டியின் நோய்க்கு அவ்விருவர் கூறிய காரணம் நிலைக்கவில்லை. ஆனால், உதவுவதாக எண்ணி நாம் நீட்டும் கையே ஊறு செய்யக்கூடும் என்ற அவர்களுடைய ஐயம் நிலைத்துவிட்டது. குட்டியின் கொடி தானாகவே அறட்டும் என்றுதான் கால்நடை மருத்துவர்கள் இன்றும் அறிவுறுத்துகின்றனர்.