கோறணமேந்து உத்தியோகம்

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத்தார் வழக்கு. அரசாங்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அங்கு ‘கோறணமேந்து’ ஆயிற்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கொழும்பின் வெள்ளவத்தையில் வாடகைக்குக் குடியமர்ந்த எழுதுவினைஞர்களின், அதாவது கந்தோர்களில் கோப்பும் கணக்கும் எழுதிய கிளாக்கர்மாரின், தொழில் திருப்தியை அவ்வழக்கே விளக்கிவிடுகிறது: என்ன வேலை என்பது பொருட்டன்று, யாரிடம் வேலை என்பதே பொருட்டு.

சிறு காணிகள் பெருகிய குடும்பங்களுக்குப் போதாத குடாநாட்டில் மிஷன் பாடசாலைகள் புகட்டிய ஆங்கிலமே பிழைப்புக்கு முதலாயிற்று. 1905இல் புகையிரதப் பாதை வடக்கை எட்டியபின் அம்முதல் கொழும்பை நாடியது. நிரந்தர நியமனமும் பென்சனும் உடையவருக்கு ஊரில் சீதனம் உயர்ந்தது. கொழும்புத் துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனையிலோ, கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் வெறுங்கை என்றிருந்த தொழிலாளிக்கு அந்த நிரந்தரம் எட்டாக்கனி.

சம்பளமும் பாதுகாப்பும் அதிருப்தியைத் தடுக்குமேயன்றித் திருப்தியைத் தரமாட்டா, அது வேலையிலும் அதனால் வரும் அங்கீகாரத்திலும் பிறப்பது என்று அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959இல் வாதிட்டார். வெள்ளவத்தைக் கிளாக்கர் இக்கோட்பாட்டுக்குள் அடங்கமாட்டார். அவருக்குப் பாதுகாப்பே அங்கீகாரமாயிருந்தது, அதை வழங்கியதும் மேலதிகாரியல்லர், ஊரார்.

1956 ஏப்ரலில் கொழும்பையும் வடக்கையும் இணைக்கும் யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியது. அவ்வாண்டு ஜூலையிலேயே சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. மேசையும் சம்பளமும் மாறாதிருக்க, அம்மேசையின் மதிப்பு மட்டும் கரைந்தது. சட்டத்துக்கு முன்பே பணியில் சேர்ந்திருந்த கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞருக்கு, சிங்களத் தேர்ச்சி இல்லை என்று 1962இல் ஆண்டுச் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில் 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்காட இயலாது என்று 1967இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. இயலும் என்று 1969இல் இலண்டன் கோமறைக்கழகம் திருத்தியது, ஆயினும் மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்விக்கு விடை கூறவில்லை. தொகையோ சிறிது; வழக்கின் கனமெல்லாம் மானத்தில் இருந்தது.

1977இன் திறந்த பொருளாதாரம் வெள்ளவத்தையின் காலி வீதிக் கடைகளுக்கும் தனியார் கம்பனிகளுக்கும் புது மவுசு தந்தது. தமிழருக்கு எதிரான 1983 கலவரம் பலரைக் கடல் கடத்தியது. ‘நிரந்தர நியமனம்’ தேடிய மணமகள் வீட்டு விளம்பரங்கள் இப்போது தேடுவது ‘நிரந்தர வதிவிடம்’.