கருப்பு மூசை

ஆசாரிமாருக்குப் பொன் உருக்கும் மூசையும் குறடும் வெண்காரமும் விற்றே திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஐம்பது வருஷம் ஓட்டிவிட்டேன். "கருப்பு மூசை இருக்கா அண்ணாச்சி?" என்று யாராவது வந்தால் எந்த நம்பர் என்று மட்டும் கேட்பேன். அதன் பூர்வீகம் பக்கத்திலேயே கிடந்தது எனக்குத் தெரிந்ததே பிற்பாடுதான்.

வெறும் மண் மூசை நாலு உருக்குக்குள் விரிசல் விடும். களிமண்ணோடு கிராஃபைட் சேர்த்துச் சுட்ட கருப்பு மூசைக்கோ பொன் உருகும் 1064 டிகிரி ஒரு பொருட்டே இல்லை. இந்த வித்தையை வைத்து மார்கன் சகோதரர்கள் ஆறு பேர் 1856-ல் லண்டன் பாட்டர்சீயில் ஆலை போட்டார்கள். அவர்களுக்குக் கிராஃபைட் இலங்கையிலிருந்து போனது. பிறகு அந்தக் கம்பெனி திருவிதாங்கூருக்கும் வந்து, சாலைக்கு வடகிழக்கே வெள்ளநாட்டில் கிராஃபைட் தோண்டியது.

அந்தப் பக்கத்து மண்ணைப் பார்த்தால் மேலே வெட்டுக்கல், கீழே வெளுத்த களி. அதற்குள் குடைந்தால் மரமுட்டு கொடுத்தே ஆகவேண்டும். முட்டு உளுத்தால் மேலே நிற்கிற தென்னையும் வீடும் சேர்ந்து இறங்கும். சுரங்கத்தில் ஊறுகிற தண்ணீரை இறைத்துக் கொட்டினால் சுற்றியுள்ள கிணறுகள் வற்றும். ஆழம் போகப் போகப் பாறை இறுகியது, செலவு கட்டவில்லை. 1912 வாக்கில் கம்பெனி கையை உதறிவிட்டது.

வெள்ளநாட்டை அடுத்துத்தான் அருவிக்கரை. கரமனை ஆற்றை அங்கே மறித்துத் தேக்கி, 1933-ல் வைஸ்ராய் வில்லிங்டனை வைத்து நகரத்துக்குக் குடிநீர்த் திட்டம் திறந்தார்கள். திவான் ராஜா கேசவதாஸ் இந்தச் சாலைக் கடைத்தெருவை உண்டாக்கிய காலத்தில் தமிழ்நாட்டுச் சரக்கு கரமனை தாண்டி வந்தது; இப்போது கரமனைத் தண்ணீர் குழாயில் வருகிறது. சுரங்கம் மூடியதற்கும் நீர்த்தேக்கம் வந்ததற்கும் நடுவில் இருபது வருஷம். சுரங்கம் ஓய்ந்த பிறகே தேக்கம் வந்தது யாரும் யோசித்துச் செய்ததில்லை, தற்செயல்தான். அந்தத் தேக்கத்துக்குப் பக்கத்தில் மறுபடி குடையப் போகிறோம் என்று இன்று யாராவது வந்தால், மூசை விற்றுப் பிழைத்த நானே குறுக்கே நிற்பேன்.

இப்போது மூசைக்கு ஆள் குறைவு, காஸ்டிங் மெஷின் வந்துவிட்டது. குழாயில் தண்ணீர் வராத நாளில் அருவிக்கரை பேர் தெருவெல்லாம் அடிபடும். வெள்ளநாடு என்றால் பஸ் போகிற ஊர், அவ்வளவுதான்.