கார்போகரிசி சீரம் ஆன கதை

நாட்டு மருந்துக் கடையில் நலங்கு மாவுக்குச் சாமான் கேட்டால், கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேரோடு கறுப்பு விதையும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். கார்போகரிசி. பேரில்தான் அரிசி, சோறாக்க முடியாது. எண்ணெய்ப் பிசுக்கும் கசப்பும் உள்ள விதை. அதிலிருந்து பிரித்த ஒரு பொருள்தான் இன்று ‘பகுச்சியால்’ என்ற பெயரில், சொட்டு மூடி போட்ட கண்ணாடிப் புட்டியில், ‘தோலைப் புதுப்பிக்கும்’ சீரமாக நல்ல விலைக்கு விற்கிறது.

நம் வைத்தியர்கள் இந்த விதையை முகச் சுருக்கத்துக்காக வைத்திருக்கவில்லை. வெண்புள்ளிக்கு வைத்திருந்தார்கள். விதையை அரைத்துப் பூசி, அந்த இடத்தை வெயிலில் காட்டச் சொல்வார்கள். விதையிலுள்ள சோராலென் புற ஊதாக் கதிரோடு சேரும்போது தோலில் நிறமி ஊறத் தொடங்கும். 1970களில் மேலைநாட்டு மருத்துவமனைகளுக்கு வந்த ‘பூவா’ ஒளிச்சிகிச்சையும் சோராலென் குடும்பத்தை நம்பியதுதான். அளவு தப்பினால் அதே சோராலென் தோலைக் கொப்புளிக்கவும் வைக்கும். ‘பாட்டி அன்றே கண்டுபிடித்த இளமை ரகசியம்’ என்று விளம்பரத்தில் வந்தால் நம்பாதீர்கள். பாட்டிக்குத் தெரிந்தது வேறு.

பகுச்சியாலைத் தனியாகப் பிரித்தெடுத்து அறிவித்தது 1966இல், புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் சுக் தேவ் குழு. தாவரங்களிலுள்ள டெர்பீன்களின் அமைப்பைத் துருவிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அழகு நிலையம் அவர்கள் நினைப்பிலேயே இருந்திருக்காது. பிறகு நாற்பது ஆண்டுகள் அது ஆய்வேடுகளுக்குள்ளேயே கிடந்தது. முகப்பூச்சில் சேர்க்கத் தொடங்கியது 2007 வாக்கில்.

அதற்குள் சுருக்கம் போக்கும் தொழிலில் வைட்டமின் ஏ நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன் முகப்பருவுக்காகக் கொண்டுவந்த, வைட்டமின் ஏயின் ஒரு வடிவமான ட்ரெட்டினாயினுக்கு 1971இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வெயிலால் முதிர்ந்த தோலையும் அது சீர்செய்கிறது என்று 1986இல் அவரும் சகாக்களும் எழுதினார்கள். (கிளிக்மனின் சோதனைகள் பல ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோலில் நடந்தவை. அதை விட்டுவிட்டு அவர் பெருமையை மட்டும் பேசுவது நியாயமில்லை.) கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் ரெட்டினால் அதன் மென்மையான உறவு, தோலுக்குள் போய் அதே ட்ரெட்டினாயின் அமிலமாக மாறிய பிறகே வேலை செய்யும். தொந்தரவு இரண்டிலும் உண்டு: எரிச்சல், செதில், சிவப்பு. கர்ப்பிணிகள் தொடக்கூடாது.

அந்த இடைவெளியில்தான் நம் விதை நுழைந்தது. வேதி அமைப்பில் பகுச்சியாலுக்கும் ரெட்டினாலுக்கும் சாயலே கிடையாது. ஆனாலும் தோல் செல்களில் ஏறத்தாழ அதே மரபணுக்களைத் தூண்டுகிறது என்று 2014இல் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்களில் ஒருவர் இந்தச் சரக்கைத் தயாரிக்கும் நிறுவனத்துக்காரர் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து வந்த, பிரிட்டிஷ் தோல்நோய் இதழில் வெளியான ஆய்வுதான் இதற்கு மரியாதை வாங்கித் தந்தது. 44 பேர், 12 வாரம். ஒரு பிரிவுக்கு 0.5 விழுக்காடு பகுச்சியால் தினம் இருவேளை, மற்றதற்கு 0.5 விழுக்காடு ரெட்டினால் ஒருவேளை. சுருக்கமும் கருமையும் இரு பக்கமும் குறைந்தன. பெரிய வித்தியாசம் இல்லை. எரிச்சலும் செதிலும் ரெட்டினால் பக்கம்தான் அதிகம்.

நல்ல முடிவுதான். ஆனால் 44 பேர் என்பது ஒரு கல்யாணப் பந்தியில் ஒரு வரிசைகூட ஆகாது. ட்ரெட்டினாயினுக்குப் பின்னால் பல பத்தாண்டுச் சோதனைகள் இருக்கின்றன. தோல் தாங்குமானால், மருத்துவர் சீட்டு எழுதுவாரானால், பழையதே கெட்டி. தாங்காதவர்களுக்குப் பகுச்சியால் மரியாதையான இரண்டாம் வழி. ‘தோலைப் புதுப்பிக்கும்’ (ரீஜெனரேட்டிவ்) என்ற பட்டம் விலையை ஏற்ற மட்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். சீரத்தில் இருப்பது சோராலெனை நீக்கிச் சுத்திகரித்த பொருள். மலிவாகக் கிடைக்கும் கார்போகரிசி எண்ணெயில் அது நீங்கியிருக்காது; அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்துவிடும். வாங்கும்போது லேபிளைப் பாருங்கள்: ‘பகுச்சியால்’ என்று தனியாகப் போட்டிருக்க வேண்டும். செடியின் பெயரும் எண்ணெயும் மட்டும் இருந்தால் புட்டியை அலமாரியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.