வெள்ளி இருந்தும் வீழ்ந்த பேரரசு

1588-இல் இங்கிலாந்தின்மீது ஏவிய ஆர்மடா கடற்படை தோற்றதால் ஸ்பெயின் பேரரசு வீழ்ந்தது என்றே பாடநூல்களில் படித்தோம். யானும் பல்லாண்டுகள் மாணவர்க்கு அவ்வாறே கற்பித்தேன். ஆழ்ந்து நோக்கின், வீழ்ச்சியின் வேர் வேறிடத்தில் உள்ளது.

வெள்ளி விழா மலரில் வெள்ளியைப் பற்றியே தொடங்குவோம். இன்றைய பொலிவியாவிலுள்ள பொத்தோசி மலையில் 1545-இல் வெள்ளி கண்டறியப்பட்டது. 1570-களில் வகுக்கப்பட்ட முறைப்படி, சுற்றுப்புறப் பழங்குடி ஊர்கள் தம் ஆடவருள் ஏழில் ஒருவரை ஆண்டுதோறும் அங்குக் கட்டாய வேலைக்கு அனுப்ப வேண்டும். அவ்வாறு சென்றோர் ஆண்டுக்குப் பதின்மூவாயிரவர்க்கு மேல். தாது மூட்டையை முதுகில் சுமந்து, இருளில் ஏணி வழியே ஏறினர். வெள்ளியைப் பிரித்தெடுக்கும் பாதரசம் பலரை நோயாளிகளாக்கியது.

அவ்வெள்ளி எங்கே போயிற்று? பெரும்பகுதி மதப்போருக்கே போயிற்று. ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த நெதர்லாந்தில் சீர்திருத்தக் கிறித்தவம் பரவியது. மாற்று நெறியினரை ஆள்வதினும் நாடுகளை இழப்பதே மேல் எனக் கருதிய மன்னர் இரண்டாம் பிலிப், 1567-இல் ஆல்பா கோமகனைப் படையுடன் அனுப்பினார். 1568-இல் மூண்ட போர் எண்பதாண்டுகள் நீண்டது. கடனைத் தீர்க்க இயலாதென அரசு 1557, 1575, 1596 ஆகிய ஆண்டுகளில் கைவிரித்தது. கூலி பெறாத படைவீரர் 1576-இல் ஆண்ட்வெர்ப் நகரைச் சூறையாடினர், ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

உள்நாட்டிலோ 'இரத்தத் தூய்மை' என்னும் விதி வழங்கியது. முன்னோருள் யூதரோ முஸ்லிமோ இருந்தால், எத்தலைமுறையில் ஞானஸ்நானம் பெற்றிருப்பினும், பல பதவிகளும் கல்லூரிகளும் கிட்டா. மதம் மாறியும் பிறப்பு மாறவில்லை! இதனை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

முஸ்லிம் வழிவந்த கிறித்தவர்களாகிய மொரிஸ்கோக்கள் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் 1609 முதல் 1614 வரை நாடு கடத்தப்பட்டனர். வலென்சியாவில் அவர்கள் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினர்; வாய்க்கால் நீர் பாய்ச்சி நிலத்தை விளைவித்தவர்கள். அவர்கள் போனபின் பல ஊர்கள் வெறிச்சோடின; நிலக்கிழார்கள் குத்தகை இழந்து கடனில் மூழ்கினர்.

1640-இல் கத்தலோனியாவும் போர்ச்சுகலும் கிளர்ந்தெழுந்தன. 1648-இல் நெதர்லாந்தின் விடுதலையை ஸ்பெயின் ஒப்புக்கொண்டது. பொத்தோசிக்கு ஆள் அனுப்பும் கட்டளையோ 1812-இல்தான் நீக்கப்பட்டது.