நுண்ணோக்கிக்கு முந்தைய மேசை: மண்டபம் கடலாய்வு குறித்து ஒரு வாதம்

பல்கலைக்கழகம் ஒன்று எலக்ட்ரான் நுண்ணோக்கி மையம் அமைக்க முனையும்போது கருவியின் விலையும் உருப்பெருக்கத் திறனுமே பெரிதாகப் பேசப்படுகின்றன. மண்டபம் கடலோரத்துக்கு முதலில் வேண்டியது வேறு: கடலிலிருந்து எடுத்த மாதிரியைக் கரையிலேயே பதப்படுத்தும் கூடம்.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1971 வரை மண்டபம் முகாமில்தான் இருந்தது. மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் கடற்பாசி ஆய்வு நிலையம் இன்றும் இங்கு உள்ளது. கப்பாபைகஸ் என்னும் கடற்பாசியின் வளர்ப்பு இக்கரையில் வேரூன்றியதில் அந்நிலையத்துக்குப் பெரும் பங்குண்டு. ஊரார் அதைப் 'பெப்சி பாசி' என்கிறார்கள். மூங்கில் மிதவைகளில் அதை வளர்ப்போரில் பெண்கள் மிகுதி.

கடல்நீர் சூடேறும் மாதங்களில் பாசியின் கிளைகள் வெளுத்து, குழைந்து, ஒடிந்து விழும் நோய் வருகிறது. வெளுத்த இடத்தில் பாக்டீரியாக்கள் காணப்படுகின்றன. அவை நோயை உண்டாக்கினவா, நலிந்த திசுவில் பின்னர் குடியேறினவா? மேற்பரப்பை வருடல் எலக்ட்ரான் நுண்ணோக்கியும், செல்சுவரின் உட்புறத்தை ஊடுருவல் நுண்ணோக்கியும் காட்டும். ஆனால் பாசியைப் பையில் கட்டி, வெயிலில் நூறு கிலோமீட்டருக்கு மேல் கடந்து நுண்ணோக்கிகள் உள்ள காரைக்குடிக்குக் கொண்டுபோனால், வழியிலேயே பாக்டீரியா பெருகிவிடும். அந்தப் படம் கடலில் நடந்ததற்குச் சான்றாகாது. பயணத்தில் நடந்ததையும் சேர்த்தே காட்டும்.

ஆகவே மாதிரியை எடுத்த சில நிமிடங்களுக்குள் குளூட்டரால்டிஹைடு கரைசலில் இட வேண்டும். அது புரதங்களைப் பிணைத்து, செல்லை இருந்த நிலையிலேயே நிறுத்துகிறது. விலங்குத் திசுவுக்கென மருத்துவ ஆய்வகங்களில் பழகிய செய்முறையை இங்கே அப்படியே எடுத்தாள்வது தவறு. கடலுயிரியின் செல் கடல்நீரின் செறிவுக்குப் பழகியது. கரைசலின் செறிவு குறைந்தால் செல் உப்பி உருக்குலையும். உப்போ சர்க்கரையோ சேர்த்து அதைச் சரிக்கட்ட வேண்டும். பவளமாயின் சுண்ணாம்பை மெல்லக் கரைத்த பிறகே, நூறு நானோமீட்டருக்கும் மெல்லிய சீவல்கள் எடுக்க முடியும். இவற்றை மாணவர் தம் கையால் செய்து பழக வேண்டும். திரையில் படம் பார்ப்பதை மட்டும் நுண்ணோக்கிக் கல்வி என ஏற்க என்னால் இயலாது.

கருவியையும் மண்டபத்திலேயே நிறுவலாமே என்பர். உப்புக்காற்று, ஈரப்பதம், மின்தடை, அதிர்வு ஆகிய நான்குமே பெரிய நுண்ணோக்கிக்குப் பகை. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கிகளும் அவற்றை இயக்கத் தெரிந்தவர்களும் உள்ளனர். நச்சாவி வெளியிடும் ஆஸ்மியம் டெட்ராக்சைடு கொண்டு செய்யும் பதப்படுத்தலின் இரண்டாம் கட்டம் அங்கேயே நடக்கட்டும். முதற்கட்டம் முடிந்த மாதிரி, தாங்கல் கரைசலில் குளிர்ச்சியாக இருந்தால் சில நாள் காத்திருக்கும். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியில் இருப்பதால் பயிற்சிக்கு மாணவரும் தொலைவில் இல்லை.

மண்டபம் உள்ள மாவட்டத்திலேயே, வலமாவூரில் 127 கோடி ரூபாய் மதிப்பில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பதப்படுத்தும் கூடத்துக்கு வேண்டிய, நச்சாவியை வெளியேற்றும் பேழை, குளிர்பெட்டி, துல்லியத் தராசு, பயிற்சி பெற்ற ஓர் ஆய்வக உதவியாளர் ஆகியவை அத்தொகையில் மிகச் சிறிய பங்கையே கேட்கும். பாசி வளர்க்கும் பெண்கள் வெளுத்த கிளையைக் கொண்டுவந்து கொடுக்க அக்கூடத்துக்குக் கரைப்பக்கமாகவே ஒரு வாசல் வைக்கலாம்.